வரவேற்பறைக்கென்று பிறந்த கிதார்

சார்ல் தெ மரெஸ்கோ என்ற பிரெஞ்சுக்காரர் 1829 வாக்கில் ஒரு படத்தொகுப்பு வெளியிட்டார். தலைப்பே கிதார் பைத்தியம்தான். அதில் ஒரு படம்: பெரிய மனிதர்கள் கிதாரை ஓங்கிக்கொண்டு ஒருவர் மண்டையை ஒருவர் பிளக்கப் பாய்கிறார்கள். ஒரு கட்சிக்குக் கிதார் ஆசிரியர் கருல்லியின் பாடமுறை வேதம், மறு கட்சிக்கு இன்னோர் ஆசிரியரான மொலினோவின் முறை. கேலிதான். ஆனால் இந்தக் கேலி எடுபட்டிருக்கிறது என்றால், பாரிஸ் நகரமே கிதாரும் கையுமாக அலைந்திருக்க வேண்டும்.

அன்றைய வசதியான வீடுகளில் மாலையில் நண்பர்கள் கூடுவார்கள். பேச்சு, கவிதை, நடுவே பாட்டு. பாடுகிறவருக்குத் துணையாக வாசிக்கக் கிதார் வசதி. பியானோவை விட மலிவு, மடியில் அடங்கும். 1800-ஐ ஒட்டி ஐந்து ஜோடி நரம்புகள் போய் ஆறு தனி நரம்புகள் வந்ததில் சுருதி சேர்ப்பதும் எளிதாயிற்று. நேப்பிள்ஸ்காரரான கருல்லி 1808-இல் பாரிஸுக்கே குடிவந்துவிட்டார். கர்காசி, பார்சிலோனாவில் பிறந்த ஃபெர்னாண்டோ சோர் என்று கிதார் கலைஞர்கள் பலரும் பின்னாலேயே வந்தார்கள்.

இவர்களுக்குக் கருவி செய்து கொடுத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ரெனே லகோத். வாதத்துக்குக் காது கொடுத்து, தேவைப்பட்டால் தன் வேலையை மாற்றிக்கொள்ளத் தெரிந்த கைவினைஞர் என்று சோர் தன் 1830-ஆம் ஆண்டுப் பாடநூலில் அவரைப் பாராட்டுகிறார். சோரிடமிருந்து இது பெரிய சான்றிதழ்.

லகோத்தின் கிதார் இன்றையதைவிடச் சிறியது, இடை ஒடுங்கியது. முகப்புப் பலகை மெல்லிய ஸ்ப்ரூஸ் மரம். பின்பலகையையும் பெரும்பாலும் ஸ்ப்ரூஸிலேயே செய்து, மேலே ரோஸ்வுட் அல்லது மேப்பிள் மரத்தைத் தகடுபோல் சீவி ஒட்டுவார்கள். முகப்புப் பலகையின் அடியில் ஏணிப்படிபோல் குறுக்குச் சட்டங்கள் ஓடும். மேல் நரம்புகள் மூன்றும் ஆட்டுக்குடல். கீழ் மூன்றும் பட்டு நூலின்மேல் உலோகக் கம்பி சுற்றியவை. குடல் நரம்பின் இழுவிசையும் குறைவு, பெட்டியும் சிறியது. அதனால் சுரம் சட்டென்று தெளிவாக எழுந்து விரைவில் அடங்கிவிடும். ஒரு சுரத்தின் மேல் அடுத்தது கலங்காமல் விழுவதால் மேல் குரல், நடுக் குரல், கீழ்க் குரல் மூன்றும் தனித்தனியே கேட்கும். சோரின் இசை முழுக்க இந்தத் தெளிவை நம்பி எழுதப்பட்டது.

ஓசையை எப்படிக் கூட்டுவது என்ற கவலை அப்போதே இருந்தது. சோரின் நண்பர் அகுவாடோ, வாசிப்பவரின் உடம்பு அதிர்வை உறிஞ்சிவிடுகிறது என்று சொல்லி, கிதாரைப் பொருத்த மூன்று கால் தாங்கி ஒன்றையே உருவாக்கினார். அவர் நகத்தால் மீட்டுவார், சோர் விரல் சதையால். இந்தப் பேதத்தோடேயே இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். அதற்காகச் சோர் எழுதிய இரட்டைக் கிதார் இசைக்கு 'இரு நண்பர்கள்' என்று பெயர். லகோத்தும் சும்மா இருக்கவில்லை. கருல்லியோடு சேர்ந்து பத்து நரம்புக் கிதார், கிதார் கலைஞர் நெப்போலியன் கோஸ்த்துக்காக ஏழு நரம்புக் கிதார் என்று முயன்று பார்த்தார்.

ஆனால் காலம் பியானோ பக்கம் சாய்ந்தது. கச்சேரி வீட்டை விட்டுப் பெரிய அரங்குக்குப் போனதும், அங்கே கிதாரின் குரல் எட்டவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்பெயினில் அந்தோனியோ தெ தோரெஸ் என்ற கைவினைஞர் கிதாரின் பெட்டியைப் பெரிதாக்கி, உள்ளே விசிறிபோல் சட்டங்களை விரித்தார். இன்றைய கிளாசிக்கல் கிதார் அந்த வழியில் வந்தது.

லகோத்தின் கருவியைத் தோரெஸுக்கு முந்தைய அரைகுறை முயற்சி என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இருபது பேர் உட்காரும் அறைக்கு அது முழுமையான கருவி. சந்தேகம் இருந்தால், சோரின் ஏதாவது ஒரு பயிற்சித் துண்டை லகோத் கிதாரில் வாசித்த பதிவிலும், இன்றைய நைலான் நரம்புக் கிதார்ப் பதிவிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கீழ்க் குரலை மட்டும் கவனியுங்கள்.