திறன்பேசிச் செயலியும் நோயாளியின் இசைவும்: இந்திய மருத்துவச் சேவையில் நடைமுறைக் கட்டாயம்

ஆய்வுச்சுருக்கம்

மருத்துவச் சேவையைப் பெறுவதற்குத் திறன்பேசிச் செயலியைப் பயன்படுத்தியாக வேண்டும் என்னும் நிபந்தனை இந்தியாவில் பெரும்பாலும் சட்டத்தின் வழியாக வருவதில்லை. மாற்று வழிகள் சுருங்குவதன் வழியாக வருகிறது. ஆரோக்கிய சேது, கோவின், ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் ஆகியவை 2020ஆம் ஆண்டிலிருந்து கடந்துவந்த பாதையைக் கொண்டு இக்கட்டுரை அந்நிலையை விளக்குகிறது. ஒருவருக்கு ஒரு கைப்பேசி என்னும் எடுகோளின்மீது அமைந்த இசைவு முறை, குடும்பமே ஒரு கைப்பேசியைப் பகிர்ந்துகொள்ளும் சூழலில் நோயாளியின் மந்தணத்தைக் காக்கத் தவறுகிறது என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: திறன்பேசிச் செயலி, நோயாளியின் இசைவு, தனியுரிமை, ஆபா எண், கோவின், மக்களைத் தேடி மருத்துவம்

முன்னுரை

மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவுக்கு வரும் நோயாளி முதலில் சந்திப்பது மருத்துவரை அன்று, பதிவுச் சாளரத்தையே. பெயர், வயது, ஊர் ஆகியவற்றைக் கூறி, மக்கள் வழக்கில் ஓ.பி. சீட்டு எனப்படும் தாளைப் பெற்ற பின்னரே அவர் அடுத்த வரிசைக்குச் செல்ல இயலும். அச்சாளரத்தின் அருகில் இப்போது பல மருத்துவமனைகளில் க்யூஆர் குறியீடு ஒன்று ஒட்டப்பட்டுள்ளது. திறன்பேசி உடையவர் அதனை ஒளிவருடி, செயலியில் உள்ள தம் விவரங்களைப் பகிர்ந்தால் டோக்கன் எண் கிடைத்துவிடுகிறது. ‘ஸ்கேன் அண்ட் ஷேர்’ எனப்படும் இம்முறை 2022 அக்டோபரில் புதுதில்லியின் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது.

இதன் பயனை மறுப்பதற்கில்லை. காய்ச்சலோடு ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பதைக் காட்டிலும் சில நிமிடங்களில் டோக்கன் பெறுவது எவருக்கும் நன்மையே. ஆனால் திறன்பேசி இல்லாதவருக்கு அதே வளாகத்தில் என்ன நேர்கிறது என்பது வேறு வினா. நான்கு சாளரங்கள் இருந்த இடத்தில் இரண்டு மட்டும் எஞ்சினால், எவரும் எதையும் கட்டாயமாக்காத நிலையிலும் அவருடைய காத்திருப்பு நீள்கிறது. இந்நிலையை இக்கட்டுரை ‘நடைமுறைக் கட்டாயம்’ எனச் சுட்டுகிறது.

ஆணையால் வந்த கட்டாயம்

நலம் சார்ந்த செயலி ஒன்று வெளிப்படையான அரசாணையால் கட்டாயமாக்கப்பட்ட முதன்மை நிகழ்வு ஆரோக்கிய சேதுவாகும். 2020 ஏப்ரல் 2 அன்று வெளியிடப்பட்ட இச்செயலியை, அரசு மற்றும் தனியார் ஊழியர் அனைவரும் நிறுவிக்கொள்ள வேண்டும் என மே 1 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. பதினாறே நாட்களில், மே 17 அன்று வெளிவந்த அடுத்த நெறிமுறையில் அக்கட்டாயம் ‘இயன்ற அளவு முயற்சி’ என்னும் அளவுக்குத் தளர்த்தப்பட்டது. செயலியை நிறுவவில்லை என்பதற்காக அரசுச் சேவைகளை மறுக்கக் கூடாது என்று அதே ஆண்டு அக்டோபரில் கர்நாடக உயர் நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது.

வெளிப்படையான ஆணைக்கு ஒரு நற்கூறு உண்டு. அதனை நீதிமன்றத்தில் எதிர்க்க இயலும். தேதியும் எண்ணும் கையொப்பமும் உள்ள தாள் ஒன்று வழக்காடுபவரின் கையில் இருக்கிறது. நடைமுறைக் கட்டாயத்திற்கு அத்தகைய தாள் இல்லை.

பதிவால் வந்த கட்டாயம்

2021 மே 1 முதல் 18–44 வயதினருக்குக் கொரோனாத் தடுப்பூசி செலுத்தப்பட்டபோது, கோவின் தளத்தில் முன்பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டுமே இடம் ஒதுக்கப்பட்டது. 45 வயதைக் கடந்தோர் நேரில் சென்று பதிந்துகொள்ள முடிந்தது. இளையோருக்கு அவ்வழி முதலில் இல்லை. இளையோர் எனில் திறன்பேசி இருக்கும் என்னும் எண்ணம் இவ்விதியின் பின்னால் இருந்திருக்கலாம். கட்டடத் தொழிலாளரும் செங்கற்சூளைத் தொழிலாளரும் பெரும்பாலும் இவ்வயதினரே என்பது அவ்வெண்ணத்தில் இடம்பெறவில்லை.

உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து நடத்திய வழக்கில், 2021 மே 31 நாளிட்ட ஆணை இச்சிக்கலை நேரடியாக எடுத்துக்கொண்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தரவுகளைச் சுட்டி, கம்பியில்லாத் தொலைபேசி அடர்த்தி நகரங்களில் 155.49 விழுக்காடாகவும் சிற்றூர்களில் 57.13 விழுக்காடாகவும் இருப்பதை அது குறிப்பிட்டது. இணையப் பதிவை மட்டுமே நம்பிய தடுப்பூசித் திட்டம் அனைவரையும் சென்றடைய இயலாது என்பது நீதிமன்றத்தின் கருத்தாக அமைந்தது. அரசு மையங்களில் நேரடிப் பதிவை அனுமதிக்கும் முடிவை மத்திய அரசு மே 24 அன்றே அறிவித்திருந்தது; ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய கொள்கையில் அது அரசு, தனியார் மையங்கள் அனைத்திற்கும் விரிந்தது.

மொழியும் இங்குத் தடையாயிற்று. தொடக்கத்தில் அத்தளம் ஆங்கிலத்தில் மட்டும் இயங்கியது. 2021 ஜூன் முதல் வாரத்தில் இந்தியும் பிற மாநில மொழிகளும் சேர்க்கப்பட்டபோது முதற்பட்டியலில் தமிழ் இல்லை; தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்த பின்னரே சேர்க்கப்பட்டது. ஒரு மருத்துவமனையில் தமிழ் அறிந்த எழுத்தர் இல்லை எனில் அருகில் இருப்பவர் எவரேனும் மொழிபெயர்த்து உதவுவார். செயலியில் அத்தகைய அருகாமை இல்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கோவின் ஓர் உண்மையை மறைமுகமாக ஒப்புக்கொண்டதும் கவனத்திற்குரியது. ஒரு கைப்பேசி எண்ணில் நால்வர் வரை பதிந்துகொள்ளலாம் என்பது அதன் விதி. 2022 ஜனவரியில் அது அறுவர் என உயர்த்தப்பட்டது. கைப்பேசி தனிமனித உடைமை அன்று, வீட்டுப் பொதுப்பொருள் என்பதை அத்தளத்தை வடிவமைத்தோர் அறிந்தே இருந்தனர்.

‘தன்விருப்பம்’ என்னும் சொல்

2020 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டு, ஆறு ஒன்றியப் பகுதிகளில் முன்னோட்டமாகத் தொடங்கிய தேசிய டிஜிட்டல் நலத்திட்டம், 2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டமாக நாடு முழுமைக்கும் விரிந்தது. இதன் அடித்தளம் ஆபா எனப்படும் 14 இலக்க எண். இதனைப் பெறுவது தன்விருப்பத்திற்குரியது என்றும், எண் இல்லாததால் எவருக்கும் மருத்துவச் சேவை மறுக்கப்படக் கூடாது என்றும் 2020 டிசம்பரில் ஏற்கப்பட்ட நலத்தரவு மேலாண்மைக் கொள்கை கூறுகிறது. ஆவணத்தின் அளவில் இதனைவிடத் தெளிவாகக் கூற இயலாது.

எனினும் நடைமுறை அவ்வளவு தெளிவாக இல்லை. 2021இல் ஆதாரைக் காட்டித் தடுப்பூசி செலுத்திக்கொண்டோருள் பலருக்கு, அவர்கள் கேளாமலேயே நல அடையாள எண் உருவாக்கப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. 2023 ஜனவரி முதல் மருத்துவமனைகளுக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கும் ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. ஆபாவோடு இணைக்கப்படும் மின்னணுப் பதிவுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப, 4 கோடி ரூபாய் வரை ஊக்கத்தொகை பெற அதில் வழியுண்டு. நோயாளிக்கு இது தன்விருப்பம். மருத்துவமனைக்கோ ஒவ்வொரு பதிவும் வருவாய். பதிவுச் சாளரத்தில் அமர்ந்திருக்கும் ஊழியருக்கு எண்ணிக்கை இலக்காகிவிட்டால், ‘விருப்பம் இருந்தால்’ என்னும் தொடரை அவர் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருப்பார் என எதிர்பார்ப்பது மனித இயல்புக்கு ஒவ்வாதது.

தனியார் மருத்துவமனைகளில் ஊக்கத்தொகை இன்றியே இது நிகழ்கிறது. ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வகத்தில் இக்கட்டுரையாளர் காத்திருந்தபோது, எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் தம் இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டு வந்தார். “ஆப்பில் வந்திருக்கும் பாருங்கம்மா” என்பது விடை. செயலி அவருடைய மகனின் திறன்பேசியில் இருந்தது. மகனோ வேறோர் ஊரில் இருந்தார். தாளில் அச்சிட்டுத் தர மறுக்கவில்லை. அதற்குப் பொறுப்பானவர் மாலையில்தான் வருவார் என்றனர். அங்கு எந்த விதியும் மீறப்படவில்லை. அம்மையார் மாலை வரை அமர்ந்திருந்தார்.

கைப்பேசி யாருடையது?

இவ்விடத்தில் சிக்கல் வசதிக்குறைவு என்னும் எல்லையைக் கடக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15–49 வயதுப் பெண்களுள் தாமே பயன்படுத்தும் கைப்பேசி உடையோர் 54.0 விழுக்காட்டினர். எப்போதேனும் இணையத்தைப் பயன்படுத்தியோர் பெண்களில் 33.3 விழுக்காடு, ஆண்களில் 57.1 விழுக்காடு. 2019–21இல் திரட்டப்பட்ட இத்தரவுக்குப் பின் நிலை மாறியிருக்கும் எனினும், இதில் இன்னொன்றைக் காண வேண்டும். இக்கணக்கு 49 வயதோடு நின்றுவிடுகிறது. மருத்துவமனையை மிகுதியும் நாடும் முதியோர் இதற்குள் வரவில்லை.

செயலி வழியான இசைவு எவ்வாறு இயங்குகிறது? பதிவு செய்யப்பட்ட எண்ணுக்கு ஒருமுறைக் கடவுச்சொல் வருகிறது. அதனை உள்ளிடுவதே இசைவாகக் கொள்ளப்படுகிறது. அவ்வெண் கணவருடையதாக இருந்தால் இசைபவர் யார்? சட்டத்தின் பார்வையில் மனைவி; கருவியின் பார்வையில் கணவர். அடுத்த பரிசோதனைக்கான நினைவூட்டல், மருந்துச் சீட்டு, ஆய்வக முடிவு ஆகிய அனைத்தும் அத்திரையிலேயே தோன்றும்.

கருக்கலைப்புச் சட்டத்தில் 2021இல் சேர்க்கப்பட்ட 5ஏ பிரிவு, கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் விவரங்களைச் சட்டப்படி உரிமையுடையவர் தவிர வேறெவருக்கும் வெளிப்படுத்தலாகாது என்கிறது. எச்.ஐ.வி. தொற்று குறித்த 2017ஆம் ஆண்டுச் சட்டமும் அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மந்தணக் காப்பை மருத்துவமனையின் கடமையாக்குகின்றன. இச்சட்டங்கள் மருத்துவரின் வாயையும் கோப்பறையின் கதவையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. மாமியாரின் கையில் இருக்கும் திறன்பேசியில் குறுஞ்செய்தி ஒளிர்வதை அவை முன்னறியவில்லை. தரவுத்திருட்டுக் குறித்துப் பேசும் அறிஞர் பலர் தொலைவில் இருக்கும் ஊடுருவியையே நினைக்கின்றனர். நோயாளி அஞ்சுவதோ பெரும்பாலும் அடுத்த அறையில் இருப்பவரை.

இதன் விளைவு மௌனமானது. தன் எண் இல்லாத பெண், எண்ணைக் கேட்கும் சாளரத்தைத் தவிர்க்கிறாள். அல்லது பொய்யான எண்ணைத் தருகிறாள். அல்லது மருந்துக்கடையிலேயே மாத்திரை வாங்கிக்கொள்கிறாள். வராதவர் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை என்பதால், செயலியின் வெற்றியைக் காட்டும் எண்ணிக்கைகளில் இவ்விழப்பு தென்படாது.

இசைவு குறித்துச் சட்டம் கூறுவது

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, இசைவானது தடையற்றதாகவும், குறிப்பிட்ட நோக்கத்திற்கு உரியதாகவும், விவரமறிந்து தரப்பட்டதாகவும், நிபந்தனையற்றதாகவும், ஐயமற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அப்பிரிவே ஓர் எடுத்துக்காட்டையும் தருகிறது. தொலைமருத்துவச் செயலி ஒன்று, சிகிச்சைக்குத் தேவையான தரவோடு கைப்பேசியின் தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது. பயனர் இரண்டிற்கும் இசைகிறார். தொடர்புப் பட்டியல் சிகிச்சைக்குத் தேவையற்றது ஆதலால், அவ்விசைவு சிகிச்சைக்கான தரவின் அளவுக்கே செல்லும். சட்டம் இயற்றியோர் விளக்கத்திற்கு மருத்துவச் செயலியையே தேர்ந்தமை தற்செயலாகத் தோன்றவில்லை.

இவ்விளக்கத்தை ஒரு படி முன்னெடுக்கலாம். தொடர்புப் பட்டியல் சிகிச்சைக்குத் தேவையில்லை எனில், செயலியே சிகிச்சைக்குத் தேவையா? உடைந்த எலும்பைச் சேர்க்கவும் சர்க்கரை அளவைக் காணவும் செயலி வேண்டியதில்லை; பதிவேடு வேண்டும். பதிவேட்டை மருத்துவமனையே தன் கணினியில் பேண இயலும். ஆகவே, செயலியை நிறுவினால் மட்டுமே சிகிச்சை என்னும் நிலையில் பெறப்படும் இசைவு ‘நிபந்தனையற்றது’ என்னும் சோதனையைத் தாண்டுவது அரிது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. உயிருக்கு ஊறு நேரும் மருத்துவ அவசர நிலையில் இசைவு இன்றியே தரவைக் கையாள 7ஆம் பிரிவு இடமளிப்பதால், அவசரத்தைக் காட்டிச் செயலியை வலியுறுத்தவும் வழியில்லை. இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுள்ளன. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை நீதிமன்றங்கள் எவ்வழி செல்லும் என்பது திறந்த வினாவாகும்.

1996இல் பஸ்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி வழக்கில், அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் சிகிச்சை அளிக்கத் தவறுவது அரசமைப்பின் 21ஆம் உறுப்பை மீறுவதாகும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்குச் சிகிச்சையைத் தடுத்தது படுக்கையின்மை. தனியுரிமையை அடிப்படை உரிமையாக ஏற்ற 2017ஆம் ஆண்டுப் புட்டசாமி தீர்ப்பும் இதே 21ஆம் உறுப்பின்மீது நிற்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து வாசிக்கையில், ஓர் உரிமையைப் பெற மற்றொன்றைக் கைவிடுமாறு நோயாளியைக் கேட்க இயலுமா என்னும் சிக்கல் முளைக்கிறது.

கருவியைச் சுமப்பவர் யார்?

டிஜிட்டல் பதிவு வேண்டும், ஆனால் நோயாளிமீது சுமை ஏறக் கூடாது எனில் வழியுண்டா? தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இவ்வினாவுக்குத் தொடர்புடையது. உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடையோரின் வீடுகளுக்குப் பெண் நலத் தன்னார்வலர்கள் சென்று அளவு பார்த்து, மாத்திரைகளை வழங்குகின்றனர். நோயாளி செயலி எதையும் நிறுவ வேண்டியதில்லை. மாத்திரை பெறத் திறன்பேசி தேவையில்லை. விவரங்களைப் பதியும் வேலை பணியாளரைச் சேர்ந்தது. சுமை மறைந்துவிடவில்லை, ஊதியம் பெறுபவரின் பக்கம் நகர்ந்துள்ளது. அவ்வூதியம் அவ்வேலைக்குப் போதுமானதா என்பது தனியே ஆராயத்தக்கது.

மருத்துவமனைச் சாளரத்திலும் இதே இடமாற்றம் இயலும். ஆபா எண்ணை விரல்ரேகை வழியாகவும் உருவாக்க முடியும் என்பதால், விரும்பும் நோயாளிக்குக் கைப்பேசி இன்றியே ஊழியர் அதனைச் செய்துதரலாம். பரிசோதனை முடிவைக் கேட்டவுடன் தாளில் தருவதற்கு ஓர் அச்சுப்பொறியும், அதனை இயக்க முழுநேரமும் ஒருவரும் போதும். கைப்பேசி எண்ணைக் கேட்கும்போது, “இது உங்களுடைய எண்ணா? இதற்குச் செய்தி அனுப்பலாமா?” என்னும் இரு வினாக்களைப் பதிவுப் படிவத்தில் சேர்க்கச் செலவே இல்லை. இரண்டாவதற்கு ‘வேண்டாம்’ என விடை வந்தால் மென்பொருள் அதனை ஏற்க வேண்டும். எண்ணை நிரப்பாமல் அடுத்த பக்கத்திற்குச் செல்ல விடாத படிவத்தில் அவ்விடைக்கு இடமில்லை.