தோட்டச் சுவர்: முதல் வரியை அமைக்கும் முறை

பள்ளித் தோட்டத்திற்கோ கிராம நாற்றங்காலுக்கோ தாழ்ந்த சுவர் ஒன்று எழுப்புவது எளிய வேலை எனப் பலரும் கருதுவர். ஆயினும் அத்தகைய சுவர்மீது பிள்ளைகள் சாய்வர், ஏறியும் அமர்வர். கோணலாகவும் பிணைப்பின்றியும் எழுந்த சுவர், சிறியதாயினும் ஆபத்தானதே. அதனை இடித்துக் கட்ட மீண்டும் பணம் கிடைப்பதும் அரிது. இத்தகைய குறைகள் பல, சாந்து குழைப்பதற்கு முன்னரே, அளவு குறிக்கும்போதே தோன்றிவிடுகின்றன. ஆதலின் புதிதாக இவ்வேலையைக் கற்போர் முதல் வரியில் மிகுந்த கவனம் செலுத்துதல் வேண்டும்.

4 மீட்டர் நீளமுள்ள சுவர் ஒன்று, ஒரு மூலையில் திரும்பி மேலும் 3 மீட்டர் செல்வதாகக் கொள்வோம். அதன் கனம் 20 செ.மீ.; உயரம் 60 செ.மீ.

கல்லின் அளவு

இந்தியத் தர நிர்ணயம் 1077-இன்படி, செங்கல்லின் ஓர் அளவு 19 × 9 × 9 செ.மீ. ஆகும். 1 செ.மீ. சாந்து சேரும்போது இது 20 × 10 × 10 செ.மீ. ஆகிறது. எனவே 60 செ.மீ. உயரத்திற்கு 6 வரிகள் போதும். 20 கற்களை நீளவாக்கில் அடுக்கினால், அவற்றுக்கிடையே 19 இணைப்புகள் வரும். ஆக மொத்தம் 399 செ.மீ.

இது கணக்கு மட்டுமே. களிமண்ணின் சுருக்கத்திற்கும் சூளையின் வெப்பத்திற்கும் ஏற்பக் கல்லின் அளவு மாறும். சாந்தின்றி நெருக்கி அடுக்கிய 20 கற்களின் நீளம் 372 முதல் 388 செ.மீ. வரை இருக்கலாம் என அத்தர நிர்ணயமே இடமளிக்கிறது. அதாவது, குறித்த நீளத்தினின்று 8 செ.மீ. கூடவோ குறையவோ செய்யலாம். ஆகவே, வந்திறங்கிய கற்களிலிருந்தே 20 கற்களை எடுத்து, முதலில் அளந்து பார்த்தல் வேண்டும். 9 அங்குலக் கல் வழங்கும் இடங்களிலும் முறை இதுவே.

மூலையும் மட்டமும்

சுவரின் முகக்கோடு செல்லும் வழியில் நூல் கட்டுக. முளைகளைச் சுவர் முடியும் இடத்திலேயே அடித்தால், வானம் தோண்டும்போது அவை பெயர்ந்துவிடும். எனவே அவ்விடத்திற்கு அப்பால் சுமார் 60 செ.மீ. தள்ளி அடித்தல் நலம். இரு நூல்களும் வெட்டும் புள்ளியே மூலையாகும். அப்புள்ளியிலிருந்து ஒரு நூலில் 3 மீட்டரும் மற்றதில் 4 மீட்டரும் அளந்து குறியிடுக. குறிகளுக்கிடையே தூரம் சரியாக 5 மீட்டர் எனில், மூலை செங்கோணமாகும். கயிற்றால் செங்கோணம் அமைக்கும் வழக்கம், வேள்வி மேடைகளின் செங்கல் அடுக்கை விளக்கும் சுல்ப சூத்திரங்களிலும் உண்டு. 'சுல்பம்' என்பதே கயிற்றைக் குறிக்கும் சொல். மூலை ஒரு பாகை தவறினால், 4 மீட்டர் தொலைவில் சுவர் ஏறத்தாழ 7 செ.மீ. விலகிவிடும்.

உறுதியான மண் தட்டுப்படும்வரை வானம் தோண்டி, அடித்தளத்தை மட்டமாக அமைத்தல் வேண்டும். மழையில் பருத்துக் கோடையில் சுருங்கும் கரிசல் மண்ணில், பொறியாளரின் ஆலோசனை பெறாமல் தொடங்குதல் தகாது. நீண்ட தூரத்திற்கு மட்டம் பார்க்க, குமிழியின்றி நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய் ஏற்றது. பின்னர், நூல் வெட்டும் இடத்திலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மூலைப் புள்ளியை அடித்தளத்தின்மேல் குறித்துக்கொள்க.

சாந்தின்றி அடுக்குதல்

இனி, சாந்து இல்லாமலே முதல் இரு வரிகளை அடுக்கிப் பார்த்தல் வேண்டும். கற்களுக்கிடையே ஒரு விரற்கனம் இடைவெளி விடுக. இறுதியில் சிறு துண்டு இடம் மிஞ்சுமாயின், கல்லை உடைத்துத் திணித்தலாகாது. அவ்விடத்தை எல்லா இணைப்புகளுக்கும் சிறிது சிறிதாகப் பகிர்ந்தளிக்கலாம், அல்லது சுவரின் நீளத்தையே சற்று மாற்றலாம்.

முதல் வரியில் கற்களை நீளவாக்கில் இரட்டையாக வைத்தால், இரண்டாம் வரியில் அவற்றைக் குறுக்காக வைக்க வேண்டும். குறுக்கு வரியில் முனைக் கல்லை அடுத்து, நீளவாக்கில் பாதியாக வெட்டிய கல் ஒன்று வரும். இதனால் கீழ் இணைப்பும் மேல் இணைப்பும் 5 செ.மீ. விலகி நிற்கும். செங்குத்து இணைப்புகள் ஒரே கோட்டில் அமைந்தால், விரிசல் அவ்வழியே இறங்கும். மூலையில் ஒரு பக்கத்தின் நீள்வரி, மறுபக்கத்தில் குறுக்குவரியாகத் தொடர்தல் வேண்டும்.

கட்டும்போது

உலர்ந்த கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிடுமாதலால், கற்களை முன்னரே நீரில் ஊறவைக்க வேண்டும். கல்லின் குழி மேல்நோக்கி இருக்கட்டும். முதலில் இரு முனைகளையும் மூலையையும் இரண்டு மூன்று வரிகள் படிப்படியாக எழுப்புக. 10 செ.மீ.க்கு ஒரு கோடிட்ட குச்சியால் உயரத்தையும், தூக்குக்குண்டால் செங்குத்தையும் சரிபார்க்கவும். பின் நூல் கட்டி இடைப்பகுதியை நிரப்பலாம். கல் நூலைத் தொடலாகாது. தொட்டுத் தள்ளினால் அடுத்த கற்களும் கோணலாகும். கட்டிய சுவரை ஒரு வாரமாவது ஈரமாக வைத்தல் வேண்டும்.

முளை, நூல், அளவுகோல் ஆகியவற்றைக் கொண்டு மாணவர்களே பள்ளி வெளியில் இவ்வளவுகளைக் குறித்துப் பார்க்கலாம். முக்கோணத்தைப் பற்றிய பாடம் அங்கே கண்கூடாக விளங்கும். தவறு நேர்ந்தால் முளையைப் பிடுங்கி மீண்டும் அடிப்பதே செலவு. அதே தவறு சுவரில் நேருமாயின், திருத்துதல் எளிதன்று.