முன்னும் பின்னும் இயந்திரம்: செஸ்னா ஓ-2 விமானத்தின் போர்ப்பணி

இரண்டு இயந்திரங்களையுடைய சிறு விமானங்களில் அவை பெரும்பாலும் இறக்கைக்கு ஒன்றாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒன்று பழுதுற்றால் மற்றையது விமானத்தை ஒரு பக்கமாகத் திருப்ப முற்படும். பயிற்சி குறைந்த விமானிகள் பலர் உயிரிழந்தது இதனாலேயாம். இக்குறையை நீக்கும் பொருட்டு ஐக்கிய அமெரிக்காவின் செஸ்னா நிறுவனம் 1960களின் முற்பகுதியில் ஓர் இயந்திரத்தை மூக்கிலும் மற்றொன்றை உடற்பகுதியின் பின்முனையிலும் வைத்து ஒரு விமானத்தை அமைத்தது. முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். குடிசார் விமானிகளின் பாதுகாப்புக்கென ஆக்கப்பட்ட இவ்விமானத்தின் வழிவந்ததே 1967இல் வியட்நாம் போரில் இறங்கிய ஓ-2.

குண்டு வீசுதல் இதன் பணியன்று. விரைந்து செல்லும் தாக்குதல் விமானத்திலிருப்பவருக்கு மரச்செறிவின் கீழுள்ளவை புலப்படா. எனவே ஓ-2 விமானி மணித்தியாலக்கணக்கில் மெதுவாகச் சுற்றி இலக்கைக் கண்டறிவார்; வெண்பொசுபரசு றொக்கற் ஒன்றை எய்வார்; எழும் வெண்புகையை அடையாளமாக வைத்து, எத்திசையில் எவ்வளவு தொலைவில் குண்டு விழவேண்டுமென வானொலியிற் கூறுவார். முன்னணி வான் கட்டுப்பாட்டாளர் என்பது அவருக்கு வழங்கிய பெயர். அண்மையில் தம் படையினரோ குடிமக்களோ உளரா என ஆராய்வதும், ஐயமேற்படின் தாக்குதலை நிறுத்துவதும் அவர் பொறுப்பாயின.

தென்வியட்நாமில் தாக்குதலுக்கு மாகாணத் தலைவரின் இசைவு பொதுவாகத் தேவைப்பட்டது. ஆனால் முன்கூட்டியே பொது அனுமதி வழங்கப்பட்ட வலயங்களில் அதுவும் வேண்டப்படவில்லை; அங்கு அகப்படுவோர் பகைவரென்றே கொள்ளப்பட்டனர். வயலில் ஓடுபவர் போராளியா, விமானத்துக்கு அஞ்சியோடும் உழவரா என்பதை மேலிருந்து எவ்வாறு பிரித்தறிவது? இவ்வினாவுக்கு விமானத்தின் அமைப்பில் விடையில்லை. வலப்புறக் கதவில் மேலதிகக் கண்ணாடிகள் பொருத்தி நிலத்தைப் பார்க்க வசதி செய்தனர், அவ்வளவே.

பாதுகாப்பென்னும் முதல் நோக்கமும் போர்க்களத்தில் தளர்ந்தது. இயந்திரம் ஒவ்வொன்றின் ஆற்றலும் 210 குதிரைவலு மாத்திரமே. வானொலிக் கருவிகளும் றொக்கற்றுகளும் ஏற்றிய பின், வெப்பமான நாளில் ஓரியந்திரத்தை மட்டும் கொண்டு உயர்ந்தெழுதல் அரிது. விமானியைக் காக்கும் கவசமும் இல்லை. றொக்கற்றுக்குப் பதிலாக ஒலிபெருக்கியும் துண்டுப்பிரசுரங்களும் ஏந்திய ஓ-2பி என்னும் வகையோ, எதிரியின் காதுக்கு எட்டவேண்டித் தாழப் பறக்க நேர்ந்தது; அதன் இடர் சொல்லாமலே விளங்கும்.

1980களில் எல் சல்வடோர் உள்நாட்டுப் போரிலும் ஓ-2 விமானங்கள் ஈடுபடுத்தப்பட்டன. இதற்கிடையில், அமெரிக்க வான்படை கழித்த விமானங்கள் சிலவற்றைக் கலிபோர்ணியா மாநில வனத்துறை 1970களின் நடுப்பகுதியிற் பெற்றது. காட்டுத்தீயின் மேல் சுற்றி, தீயணைப்பு விமானங்கள் எவ்விடத்திற் சொரியவேண்டுமென வானொலியில் வழிகாட்டுவது அங்கு அவற்றின் பணியாயிற்று.