செயற்கைக் காலுடன் ஒரு பொம்மை

கடைப் பொம்மைகளில் கால் இல்லாதவரைக் காண்பது அரிது. 2015இல் பிரித்தானியாவில் செவிப்புலன் குறைந்த எழுத்தாளரான ரெபேக்கா அட்கின்சன், ‘டாய் லைக் மீ’ என்ற இயக்கத்தைத் தொடங்கி, சாதாரண பொம்மைகளுக்குக் கேட்கும் கருவி செய்து பூட்டிக் காட்டினார். அடுத்த ஆண்டு லெகோ நிறுவனமும் சக்கர நாற்காலியில் அமர்ந்த சிறுவனின் உருவத்தை அறிமுகப்படுத்தியது.

செய்முறை கடினமல்ல. பழைய பொம்மையின் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி, துளையிட்டு, தடித்த கம்பித் துண்டைச் செருகவேண்டும். கம்பியைச் சுற்றி எபொக்சிக் களியால் பாதத்தை வனைந்து, இறுகியபின் வர்ணம் பூசலாம். கம்பியில்லாமல் ஒட்டினால் முதல்நாள் விளையாட்டிலேயே கழன்றுவிடும். வெட்டும் வேலை பெரியவர்களுக்கு. களி பிசையக் கையுறை அவசியம்.

ஷெல்லிலும் மிதிவெடியிலும் காலை இழந்தவர்களின் பிள்ளைகள் வன்னிப் பாடசாலைகளில் படிக்கிறார்கள். அங்கே இதைச் சித்திரப் பாடச் செயற்றிட்டமாக எடுக்கலாம், கட்டாயமாக்காமல். எந்தக் கால் என்று ஆசிரியர் சொல்லத் தேவையில்லை. அப்பாவைச் செய்யும் பிள்ளைக்கு அது தெரியும்.