இரசிகர் மீது போட்ட பழி

'கலியாணம் கட்டிய நடிகையைச் சனம் ஏற்காது' என்பது ஹிந்திப்பட உலகின் பழைய வாதம். நான் இதை நம்பவில்லை. ஷர்மிளா தாகூர் பட்டோடியை மணந்தது 1968 டிசம்பரில்; அடுத்த ஆண்டே 'ஆராதனா' பெருவெற்றி. 'பாபி' 1973 செப்டெம்பரில் திரைக்கு வந்தபோது டிம்பிள் கபாடியாவுக்கு மணமாகி ஆறு மாதம். சனம் முண்டியடித்தே பார்த்தது. ஆயினும் அதன்பின் 1984 வரை அவர் திரையில் இல்லை. (கணவர் ராஜேஷ் கன்னாவோ தொடர்ந்து நாயகன்.)

என் பார்வையில் தடை புகுந்த வீட்டினுடையது; பழிதான் இரசிகர்மேல். கபூர் குடும்பத்தில் மருமகள்கள் நடிப்பதில்லை என்பது எழுதாத சட்டம்போல் இருந்தது. 1971இல் அங்கு வாழ்க்கைப்பட்ட பபிதாவும் விரைவில் ஒதுங்கினார். அவர் மகள் கரீனா 2012இல் மணந்து, 2016இல் தாயாகி, 2018இல் 'வீரே டி வெட்டிங்'கில் நாயகி. மாமியார், அதே ஷர்மிளா.