தகரமும் உறுதியும்

1947 பொதுத் தேர்தலில் பதுளைத் தொகுதிக்குத் தெரிவானவர் எஸ்.எம். சுப்பையா. இலங்கை இந்திய காங்கிரஸ் அப்போது மலையகத்தில் வென்ற ஏழு ஆசனங்களில் ஒன்று அது. அந்த எழுவரில் தோட்டம் சொந்தமாக இருந்த குடும்பத்துப் பிள்ளையான சௌமியமூர்த்தி தொண்டமானும் உண்டு, கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையும் உண்டு. பெண் ஒருவரும் இல்லை.

அவர்களுக்குப் பாதையும் பாலமும் முதல் வேலையாக இருக்க வழியே இல்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழ் மக்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தம் வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர்களை அகற்றியது. 1952இல் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. பறிபோன உரிமையைச் சட்டத்தின் வழியாகவே முழுதாக மீட்க 1988, 2003 என்று காலம் இழுத்தது. இடையில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி எத்தனையோ குடும்பங்கள் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டன.

வாக்கு திரும்பியபோது தேர்தல் முறையும் மாறியிருந்தது. இப்போது பண்டாரவளைக்கென்று தனி எம்.பி. கிடையாது. பதுளை மாவட்டத்துக்கு ஒன்பது ஆசனங்கள். வாக்காளர் மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம். வேட்பாளர் வெலிமடையிலிருந்து பசறை வரை முகம் காட்ட வேண்டும். அதனால் எம்.பி. என்றால் லயத்துக்குக் கூரைத் தகரம், கோயிலுக்கு மணி, கொங்கிரீட் பாதை தருபவர் என்று ஆகிவிட்டது. கேட்ட சனத்தை நான் குறை சொல்லமாட்டேன். வேறு யாரிடம் கேட்பது? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குச் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த சபையே தோட்டப் பாதையில் கல் போட முடியாத நிலை. 2018இல்தான் பாராளுமன்றம் அதைத் திருத்தியது. ஆயிரம் தகரத்தை விடப் பெரிய வேலை அது. ஆனால் எந்த லயத்திலும் அதற்காக மாலை விழுந்ததாகத் தெரியவில்லை.

2024 நவம்பரில் பதுளையில் தேசிய மக்கள் சக்தி ஆறு ஆசனங்களைப் பிடித்தது. அந்த ஆறு பேரில் கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் இருக்கிறார்கள். அம்பிகா தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பெண். நுவரெலியாவில் வென்ற கலைச்செல்வியும் அவரும்தான் மக்கள் வாக்கால் பாராளுமன்றம் சென்ற முதல் மலையகத் தமிழ்ப் பெண்கள். கொழுந்துக் கூடையைச் சுமந்தே இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்த பெண்களுக்கு இந்த இடம் கிடைக்க 1947இலிருந்து 77 வருடம் ஆனது.

இந்தப் பதுளை எம்.பி.க்களிடம் சனம் கேட்பதும் மாறிவிட்டது. இப்போது கேட்பது தகரமல்ல, காணி. லயத்து வாழ்க்கையைப் பார்த்தால் காரணம் புரியும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. மகன் கல்யாணம் கட்டினால் இஸ்தோப்பில் படங்கை மறைத்துக்கட்டி இன்னொரு குடும்பம். பின்னால் குசினி இறக்க வேண்டுமென்றால் துரையிடம் அனுமதி. நாலைந்து தலைமுறை வாழ்ந்த இடம், ஆனால் அரச காணி. 1992 முதல் கம்பனி நிர்வாகம். வங்கியில் ஈடு வைக்கக் கடதாசி இல்லை. பல இடங்களில் கடிதம்கூடத் தோட்ட ஆபீசுக்கு வந்துதான் கைக்குப் போகிறது.

2025 ஒக்டோபர் 12ஆம் திகதி பண்டாரவளை மைதானத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, இந்திய வீடமைப்புத் திட்டப் பயனாளிகள் 2,000 பேருக்கு மேல் பத்திரம் வழங்கினார். அது காணி உறுதிதானா என்ற கேள்வி உடனே கிளம்பியது. கிளம்ப வேண்டிய கேள்விதான். அடுத்த மாதமே டித்வா புயல் பதுளை மலைகளைச் சரித்தது. 2014இல் கொஸ்லந்தை மீரியாபெத்தை லயங்களை மண் மூடியதைக் கண்ட மாவட்டம் இது. அந்த இடம் ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். இடம்பெயரச் சொன்னால் மட்டும் போதாது, போய்க் குடியேறச் சொந்த நிலம் வேண்டும்.

ஆகவே ஆளுங்கட்சி வரிசையில் இருக்கும் செல்வராஜிடமும் அம்பிகாவிடமும் கேட்பது ஒன்றுதான்: கம்பனிக் குத்தகையிலிருந்து லயத்துக் குடும்பங்களின் காணியைப் பிரித்து, தொழிலாளியின் பெயரில், பெண்ணின் பெயரும் சேர்த்து, உறுதி எழுதித் தரும் சட்டத்தைச் சபைக்குக் கொண்டுவாருங்கள். தகரத்தைப் பிரதேச சபை பார்த்துக்கொள்ளட்டும்.