பிழையைக் கண்டவர் யார்?

பள்ளியில் அறிவியல் கண்காட்சி முடிகிறது. ஐந்து மாணவர்கள் சேர்ந்து செய்த சொட்டுநீர்ப் பாசன மாதிரிக்கு முதல் பரிசு. பார்வையாளர்களுக்கு அழகாக விளக்கிச் சொன்ன மாணவியை எல்லோரும் பாராட்டுகிறோம். முந்தைய நாள் மாலை, குழாய் இணைப்பில் நீர் கசிவதைக் கண்டு சொன்ன மாணவன் கடைசி வரிசையில் நிற்கிறான். அவன் சொல்லியிராவிட்டால் அந்த மாதிரி இயங்கியே இருக்காது. சான்றிதழில் குழுவின் பெயர் இருக்கிறது. அவன் செய்தது என்ன என்பது எங்கும் இல்லை. அடுத்த முறை ஒரு தவறு கண்ணில் பட்டால் அவன் வாய் திறப்பானா?

குழுவாக வேலை செய்யும் எல்லா இடங்களிலும் இந்தக் கேள்வி எழும். இதற்கு நல்ல விடைகளைக் கண்டிருக்கும் ஒரு சமூகம் உண்டு. அது திறமூல மென்பொருள் சமூகம்.

திறமூல மென்பொருளின் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். நம் பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலில் வரும் உபுண்டுவும் ஓபன் ஆபீஸும் இவ்வகையே. இவற்றை உருவாக்குவோர் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஊதியம் பெற்று உழைப்பவர்களும் உண்டு, ஊதியமின்றி உழைப்பவர்களும் உண்டு. ஒருவரையொருவர் நேரில் பார்த்தே இராதவர்கள் பலர். அப்படியானால், யார் என்ன செய்தார் என்பது எப்படித் தெரியும்?

பெயரும் செயலும் சேர்ந்த பதிவு

லினக்ஸை எடுத்துக்கொள்வோம். ஃபின்லாந்தில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய பணி இது. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அடிப்படையிலும் லினக்ஸ் கெர்னல்தான் இருக்கிறது. இதில் நடக்கும் மாற்றங்களைப் பதிவு செய்ய 2005இல் அவர் ‘கிட்’ என்ற கருவியை உருவாக்கினார். மாற்றத்தை எழுதியவர் ஒருவர், அதைச் சரிபார்த்துச் சேர்த்தவர் இன்னொருவர் என்றால், கிட் இருவர் பெயரையும் தனித்தனியே குறித்துக்கொள்ளும். சேர்த்தவர் பெரியவர் என்பதற்காக எழுதியவரின் பெயர் மறைந்துபோகாது.

கெர்னல் குழுவினர் இத்துடன் நிற்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் பிழையைக் கண்டு சொன்னவர், யோசனை தந்தவர், சோதித்துப் பார்த்தவர், மதிப்பாய்வு செய்தவர் எனத் தனித்தனி வரிகள் சேர்க்கும் வழக்கம் உண்டு. ஒரு வரி நிரல்கூட எழுதாமல், “இங்கே தவறு இருக்கிறது” என்று சொன்னவருக்கும் அதில் நிலையான இடம் கிடைக்கிறது. அப்படிப் பெயர் குறிப்பிடுவது அவரை மீண்டும் உதவத் தூண்டும் என்ற நம்பிக்கையைக் கெர்னலின் வழிகாட்டி ஆவணமே வெளிப்படுத்துகிறது. பிழையை ஒருவர் தனிப்பட்ட முறையில் தெரிவித்திருந்தால், பெயரைப் போடும் முன் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. எல்லோர் முன்னும் பாராட்டினால் கூசிப்போகும் குழந்தைகளை அறிந்த நமக்கு இதன் அருமை புரியும்.

அங்கீகாரம் என்பது பொறுப்பு

உபுண்டுவுக்கு அடித்தளமாக இருப்பது டெபியன் என்னும் இயங்குதளம். 1993இல் தொடங்கிய இத்திட்டத்தில் உறுப்பினர்கள் வாக்களித்து ஆண்டுதோறும் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நெடுங்காலம் உறுப்பினராகும் வழி பெரும்பாலும் மென்பொருள் தொகுப்புப் பணியோடு பிணைந்திருந்தது. மொழிபெயர்ப்பவர்கள், கையேடு எழுதுபவர்கள் போன்றோரையும் முழு உறுப்பினர்களாக வரவேற்க வேண்டும் என்று 2010இல் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது பதக்கம் அல்ல, வாக்குரிமை. தொடர்ந்து நன்றாகச் செய்பவரிடம் மேலும் பொறுப்பை ஒப்படைப்பதே இச்சமூகங்களில் பெரிய அங்கீகாரம்.

பரிசு பாதை மாறும்போது

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஓர் அமெரிக்க நிறுவனம் ஆண்டுதோறும் அக்டோபரில் ‘ஹாக்டோபர்ஃபெஸ்ட்’ என்ற இயக்கத்தை நடத்துகிறது. திறமூலத் திட்டங்களுக்கு நான்கு திருத்தங்களை அனுப்புவோருக்கு டி-சர்ட் என்று அறிவித்திருந்தார்கள். 2020இல் என்ன நடந்தது? விளக்கக் குறிப்பில் தேவையற்ற ஒரு சொல்லைச் சேர்த்து, அதையே திருத்தம் என்று ஏராளமானோர் அனுப்பினர். அவற்றைப் பிரித்துத் தள்ளுவதே பராமரிப்பாளர்களுக்குப் பெரும் வேலையாகிவிட்டது. அந்த மாதத்திலேயே விதி மாற்றப்பட்டது. விருப்பம் தெரிவிக்கும் திட்டங்களில் செய்யும் திருத்தங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்றானது.

எண்ணிக்கைக்குப் பரிசு தந்தால் எண்ணிக்கைதான் வளரும். ஏட்டின் பக்கங்களை எண்ணி நட்சத்திரம் போட்டால், பக்கங்களை நிரப்பவே குழந்தை கற்றுக்கொள்ளும்.

நம் வகுப்பில்

இதைப் பின்பற்றக் கணினி தேவையில்லை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். குழுச் செயல்பாடு முடிந்ததும் யோசனை சொன்னவர், செய்தவர், தவறு கண்டவர், சோதித்தவர், பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவர் என ஐந்து வரிகள் எழுதுவோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் செய்த செயலும் இருக்க வேண்டும். “நன்றாக ஒத்துழைத்தான்” என்று எழுதுவதைவிட, “மூன்றாவது இணைப்பில் கசிவு இருப்பதைக் கண்டான்” என்று எழுதுவது பயன் தரும்.

தொடக்க வகுப்புகளில் குழந்தைகள் சொல்ல நாம் எழுதலாம். ஆறாம் வகுப்புக்கு மேல் அவர்களே எழுதட்டும். இதற்கு மதிப்பெண் வேண்டாம். ஒருவர் பெயர் எந்த வரியிலும் தொடர்ந்து வராவிட்டால், அவரைக் குறை சொல்வதற்கு முன் அவருக்கு வாய்ப்புக் கிடைத்ததா என்று பார்ப்போம். தவறு கண்டவர் வரியில் ஒருவர் பெயர் அடிக்கடி வந்தால், அடுத்த செயல்பாட்டில் சரிபார்க்கும் பொறுப்பை அவரிடமே கொடுப்போம்.

கசிவைக் கண்ட மாணவன் அந்த நோட்டைப் புரட்டும்போது, தன் பெயரையும் தான் செய்ததையும் அதில் படிக்க வேண்டும். அடுத்த கண்காட்சிக்கு மாதிரிகளைச் சோதிக்க அவனை அழைப்போம்.